கடலடிக் கம்பியில் பழுது தேடியவர்கள்

கம்பியின் நீளம் கூடினால் மின்தடையும் கூடும் என்று வகுப்பில் சொல்லும்போது, "இதனால் என்ன பயன், சார்?" என்று கேட்கும் மாணவர் ஆண்டுக்கு ஒருவராவது இருப்பார். அவருக்கு நான் சொல்வது 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலின் கதை.

1865 ஜூலையில் அயர்லாந்தின் வாலன்ஷியா தீவிலிருந்து அக்கப்பல், அட்லாண்டிக் கடலுக்கடியில் தந்திக் கம்பியை இறக்கிக்கொண்டே நியூபவுண்ட்லாந்தை நோக்கிச் சென்றது. நடுவில் செம்பு, அதைச் சுற்றிக் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலால் ஆன காப்புறை, வெளியே இரும்புக் கவசம். காப்புறையில் ஊசித் துளை விழுந்தாலும் மின்சாரம் கடல்நீரில் கசிந்துவிடும். 84 மைல் இறக்கியதும் கால்வனாமீட்டரின் ஒளிப்புள்ளி அளவுகோலை விட்டே ஓடிவிட்டது. பழுது!

ஆனால் எந்த இடத்தில்? இங்கேதான் மின்தடை கைகொடுக்கிறது. கம்பியின் தடை மைலுக்கு 4 ஓம் என்று கொள்வோம். கப்பலிலிருந்து அளந்தால் 40 ஓம் வருகிறது என்றால், பழுது 10 மைலுக்கு அப்பால். (பழுதுக்கும் ஒரு தடை உண்டு, அது மாறிக்கொண்டும் இருக்கும். ஆகவே உண்மைக் கணக்கு இவ்வளவு எளிதன்று.) கம்பியைத் திரும்ப இழுத்துப் பார்த்தபோது ஓர் இரும்புக் கம்பித் துண்டு காப்புறையைக் குத்திக்கொண்டு நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே நேரவே, யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்ற ஐயம் கப்பலில் எழுந்தது. கவசக் கம்பிகளே ஒடிந்து குத்துகின்றன என்பது பின்னர்தான் தெரிந்தது. ஆகஸ்ட் 2-ஆம் நாள் மூன்றாவது பழுதைத் தேடி இழுக்கையில் கம்பி அறுந்தது. ஏறக்குறைய 1,200 மைல் இறக்கிய பிறகு, இரண்டு மைலுக்கும் மேற்பட்ட ஆழத்தில் அது போய்விட்டது.

சோதனை முறையிலேயே ஒரு குறை இருந்தது. செய்தியும் சோதனையும் மாறி மாறி நடந்தன. கரை செய்தி அனுப்பும் நேரத்தில் கப்பல் காப்புறையைச் சோதிக்க முடியாது. அதற்குள் பழுதுபட்ட பகுதி கடலுக்குள் போய்விடலாம். வில்லோபி ஸ்மித் என்ற மின்பொறியாளர் இதற்கு வழி கண்டார். கரை முனையை மிகப் பெரிய மின்தடை ஒன்றின் வழியாகக் கால்வனாமீட்டருடன் இணைத்தார். அதில் ஓடும் மின்னோட்டம் மிகச் சொற்பம். கப்பலின் சோதனையைக் கெடுக்காது. ஆனால் அதன் சிறு ஏற்றத்தாழ்வைக் கரையில் படித்துவிடலாம். செய்தியும் நிற்கவில்லை, சோதனையும் நிற்கவில்லை! 1866 ஜூலை 27-இல் புதிய கம்பி மறுகரை சேர்ந்தது. அறுந்துபோன பழைய கம்பியையும் கொளுவி போட்டுத் தூக்கி, ஒட்டி, செப்டம்பரில் முடித்தனர்.

அந்தப் பெரிய மின்தடைக்குத் தகுந்த பொருளைப் பின்னரும் தேடிய ஸ்மித், செலினியத்தைத் தேர்ந்தார். மெல்லிய செலினியக் கோல்களைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, முனைகளில் பிளாட்டினக் கம்பி பொருத்தினார். சிலவற்றின் தடை 1,400 மெகோம். ஆனால் கோல்கள் அளக்கும் நேரத்துக்கு ஒரு தடை காட்டின. எரிச்சலூட்டும் நிலைமைதான்! கோல்களை வைத்த பெட்டியின் மூடியை மூடினால் தடை கூடியது, திறந்தால் குறைந்தது. சில அடி தள்ளியிருந்த எரிவாயு விளக்கின் முன்னே கையை நீட்டி மறைத்தாலே 15 முதல் 20 சதவீதம் ஏறியது. காரணம் ஒளி! இதை ஸ்மித் கடிதமாக எழுத, 1873 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. பிற்காலத்தில் புகைப்படக்காரர்கள் வைத்திருந்த ஒளிமானிகள் பலவற்றில் இருந்ததும் இதே செலினியம்தான்.