'பங்க்' பட்டம் பெற்ற லத்தீனோ பேண்ட்: 'நம்பர் 1' பாட்டையே மறுபடி பதிவு செய்தது ஏன்?

1966 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு '96 டியர்ஸ்'. பாடியவர்கள் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள். பேண்டின் பெயர் 'கொஸ்டின் மார்க் அண்ட் தி மிஸ்டீரியன்ஸ்'. பாட்டு செம ஹிட். ஆனால் அந்த ஒலிப்பதிவின் உரிமை அவர்கள் கையில் இல்லை.

யார் இவர்கள்?

மிச்சிகன் மாநிலத்தின் சாகினா, பே சிட்டி வட்டாரம் சர்க்கரைக் கிழங்கு வயல்களுக்கும் கார் தொழிலுக்கும் பெயர் போனது. டெக்சாஸிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் கூலி வேலை தேடி வந்த பல குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. அப்படிப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர்கள்தான் இவர்கள்.

1962-ல் தொடங்கும்போது பாடகரே கிடையாது. கிட்டார், டிரம்ஸ் வைத்து வாசிக்கும் சின்னக் குழு, அவ்வளவுதான். பெயர், 1957-ல் வந்த 'தி மிஸ்டீரியன்ஸ்' என்ற ஜப்பானிய அறிவியல் புனைவுப் படத்திலிருந்து எடுத்தது. பிறகு பாடகர் வந்தார். எப்போதும் கறுப்புக் கண்ணாடி. பெயர் கேட்டால் '?' என்பார். ரூடி மார்டினெஸ் என்ற தன் பெயரைப் பின்னாளில் சட்டப்படியே '?' என்று மாற்றிக்கொண்டார்.

நடுவில் இருவர் ராணுவத்துக்குப் போனார்கள். புதியவர்கள் சேர்ந்தார்கள். ஆர்கன் வாசித்த ஃபிராங்க் ரோட்ரிகஸுக்கு அப்போது பள்ளி வயது.

ஹிட் ஆனது எப்படி?

பே சிட்டியில் பதிவான பாட்டு, முதலில் 'பா-கோ-கோ' என்ற குட்டி லேபிளில் வந்தது. திரும்பத் திரும்ப வரும் ஒரு ஆர்கன் மெட்டு, அதன்மேல் பாதிப் பேச்சாக ஒரு குரல். உள்ளூர் வானொலிகளில் பிய்த்துக்கொண்டு போகவே, 'கேமியோ' நிறுவனம் வாங்கி நாடு முழுக்க வெளியிட்டது.

'பங்க்' எங்கே வந்தது?

வீட்டு கராஜில் பயிற்சி எடுத்த, பாலிஷ் இல்லாத இந்த இசைக்கு அன்று தனிப் பெயர் இல்லை. 'கராஜ் ராக்' என்பது பிற்பாடு வந்தது. 1971-ல் 'க்ரீம்' இதழில் டேவ் மார்ஷ் இவர்களைப் பற்றி எழுதும்போது 'பங்க் ராக்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அந்தச் சொல் அச்சில் வந்த ஆரம்பகால இடங்களில் இதுவும் ஒன்று. செக்ஸ் பிஸ்டல்ஸ் உருவானது அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான். பங்க் என்றாலே லண்டன், நியூயார்க் என்று நினைக்கும் நமக்கு இது புதுச் செய்தி.

உரிமை யாருக்கு?

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று, வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியது. இன்னொன்று, ஒலிப்பதிவுக்கு உரியது. இதைத்தான் 'மாஸ்டர்' என்கிறார்கள். கேமியோவின் மாஸ்டர்கள் பின்னர் ஆலன் க்ளைனின் 'ஆப்கோ' நிறுவனத்திடம் போயின. பல ஆண்டுகள் அசல் பதிவு சிடியில் வெளிவரவே இல்லை. முறையான தொகுப்பு 2005-ல்தான் வந்தது.

அதுவரை காத்திருக்காமல் 1990களின் பிற்பகுதியில் பேண்ட் தன் பழைய பாட்டுகளைத் தானே மறுபடி பதிவு செய்தது. 2021-ல் டெய்லர் ஸ்விஃப்ட் 'ஃபியர்லெஸ்' ஆல்பத்தில் செய்ததும் இதே வழிதான். ஆனால் அவருக்குக் கோடிக்கணக்கான ரசிகர்கள் துணை. இவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இன்று என்ன மிச்சம்?

'96 டியர்ஸ்' பாட்டை 1967-ல் அரீத்தா ஃபிராங்க்ளின் பாடினார். 1990-ல் பிரிட்டனின் 'ஸ்ட்ராங்ளர்ஸ்' பாடினார்கள். இவர்கள் 1967-ல் வெளியிட்ட 'கான்ட் கெட் இனஃப் ஆஃப் யூ பேபி' பாட்டை 1998-ல் ஸ்மாஷ் மவுத் மீண்டும் ஹிட்டாக்கியது. ஆம், 'ஷ்ரெக்' படத்தில் வரும் 'ஆல் ஸ்டார்' பாட்டின் அதே ஸ்மாஷ் மவுத்தான்.

இசையோ, எழுத்தோ, கோடோ, நீங்கள் உருவாக்கும் எதற்கும் இந்தக் கதை பொருந்தும். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அசல் யார் கையில் இருக்கும்?