ரஜூலா கப்பலும் நாள் கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

சென்ற வாரம் சிங்கப்பூரிலிருந்து பழைய மாணவன் ஒருவன் பேசினான். விடுமுறைக்கு மண்ணச்சநல்லூர் வருகிறான். அங்கே அவன் அலுவலகத்தில் நாலைந்து பேருக்குச் சளிக்காய்ச்சல். "சார், எனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் இல்லை. ஆனா வீட்ல பாட்டிக்கு எண்பத்து மூணு வயசு. எத்தனை நாள் கழிச்சு கிட்டப் போகலாம்? லேட்டா வந்தா லேசா வரும்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டான். நான் சரித்திர வாத்தியார், வைத்தியர் இல்லை, டாக்டரைக் கேள் என்று சொன்னேன். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் இதே சிங்கப்பூர், இதே காய்ச்சல், 1957லும் நம்மிடம் வந்தது.

கிருமி உடம்பில் புகுந்த நாளுக்கும் முதல் காய்ச்சல் அடிக்கும் நாளுக்கும் நடுவே உள்ள அமைதியான நாட்களை அடைகாலம் என்கிறார்கள். கோழிக்கு 21 நாள் என்பதுபோல ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கணக்கு. நம் முன்னோருக்கு இது தெரியாததல்ல. ஒரு வீட்டில் பெரியம்மை இறங்கினால், ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் அடுத்த ஆளுக்கு வரும் என்று கிழவிகள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். சராசரி 12 நாள் என்று மருத்துவ நூல் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்.

அரசாங்கமும் எண்ணியது. நம் திருச்சியில்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கும் சிலோன் லேபர் கமிஷனின் தலைமையிடம் இருந்தது. 1904ல் ஆரம்பித்தது. 1914ல் பாம்பன் பாலம் திறந்து ரயில் தனுஷ்கோடி வரை போன பிறகு, கூலி ஆட்களை மண்டபம் கேம்ப்பில் இறக்கி, சுமார் ஒரு வாரம் அடைத்துவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றினார்கள். அங்கே நடந்த அவமானங்கள் தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் அந்த ஒரு வாரம் யாரோ வாய்க்கு வந்தபடி சொன்ன நாள் அல்ல. பயந்தது காலராவுக்கும் பிளேக்குக்கும். பிற்பாடு 1951ல் உலக சுகாதார நிறுவனம் விதிமுறை எழுதியபோது காலராவுக்கு 5 நாள், பிளேக்குக்கு 6 நாள், பெரியம்மைக்கு 14 நாள் என்று வரையறுத்தது. அந்தப் பட்டியலில் மொத்தம் ஆறு நோய்கள். இன்புளுயன்சா அதில் இல்லை.

இங்கேதான் ரஜூலா வருகிறது.

எஸ்.எஸ். ரஜூலா என்ற பெயரைக் கேட்டால் எங்கள் தலைமுறைக்கு ஒரு சிலிர்ப்பு. சிங்கப்பூர், பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் ஆட்களைச் சுமந்த கப்பல். மலேயா மாமாக்கள் நாகப்பட்டினத்தில் இறங்கி, டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி, தஞ்சாவூர் வழியாகத் திருச்சி ஜங்ஷன் வந்து சேருவார்கள். பிஸ்கட் டப்பாவும் கோடாலித் தைலமும் அவர்களுடன் வரும்.

1957 பிப்ரவரியில் சீனாவில் புதுவித இன்புளுயன்சா கிளம்பியது. ஏப்ரலில் ஹாங்காங், மே மாதம் சிங்கப்பூர். மே நடுவில் ரஜூலா சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது கப்பலிலேயே பலருக்குக் காய்ச்சல். கணக்குப் போட்டுப் பாருங்கள். பயணம் சுமார் ஒரு வாரம். இந்தக் காய்ச்சலின் அடைகாலமோ ஒன்றிலிருந்து நான்கு நாள், பெரும்பாலும் இரண்டு. சிங்கப்பூரில் ஒருவர் கிருமியோடு ஏறினால், சென்னை வருவதற்குள் அவரிடமிருந்து இன்னொருவர், அந்த இன்னொருவரிடமிருந்து மூன்றாமவர் என்று கப்பலுக்குள்ளேயே இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிடும். பெரியம்மை என்றால் ஆள் நன்றாக நடந்து இறங்கி, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துப் படுப்பார். இது அப்படி ஒளிந்து வரவில்லை, கண்ணுக்குத் தெரிந்தே வந்தது. தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. ஒரு நோயாளியைக் கண்டுபிடித்து, அவர் யார் யாரோடு இருந்தார் என்று விசாரித்து முடிப்பதற்குள், அந்த யார் யாரும் படுத்து, அடுத்தவருக்கும் கொடுத்திருப்பார்கள்.

சுமார் 12 வாரத்தில் நாடு முழுக்கப் பரவியது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இன்புளுயன்சா மையம் ஏற்கெனவே இருந்ததால், இந்த வரலாறு ஓரளவு ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை இந்தியாவில் பதிவான நோயாளிகள் 44,51,785 பேர். இறந்தவர்கள் 1,098. பதிவில் ஏறாதவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பாதி பெஞ்சு காலி. எங்கள் வீட்டில் திங்கட்கிழமை அப்பா படுத்தார், புதன்கிழமை அம்மா, வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேரும். பக்கத்து வீட்டு ஆத்தாதான் நொய்க்கஞ்சி காய்ச்சி வாசலில் வைத்துவிட்டுப் போனார். ரைஸ்மில்லில் நெல் அவிக்க ஆளில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் எல்லாரும் எழுந்துவிட்டோம்.

ஆனால் 1918ல் வந்ததும் இன்புளுயன்சாதான். அடைகாலமும் அதே ஒன்றிரண்டு நாள்தான். அந்த ஜூனில் பம்பாய்த் துறைமுகப் போலீஸ்காரர்கள் ஏழு பேர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததில் தொடங்கியது. முதல் அலை லேசாகப் போயிற்று. செப்டம்பருக்கு மேல் வந்த இரண்டாவது அலை கொன்று குவித்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சத்திலிருந்து இரண்டு கோடி பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1911க்கும் 1921க்கும் இடையே நம் நாட்டு மக்கள்தொகை குறைந்தது. மக்கள்தொகைக் கணக்கு வரலாற்றில் அப்படிக் குறைந்த பத்தாண்டு அது ஒன்றுதான். பம்பாய், மத்திய மாகாணங்களை ஒப்பிட்டால் சென்னை ராஜதானி ஓரளவு தப்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அடைகாலம் ஒன்றாக இருந்தும் 1918க்கும் 1957க்கும் இவ்வளவு வித்தியாசம். ஆகவே, எத்தனை நாளில் வருகிறது என்பதை வைத்து எவ்வளவு கடுமையாக வரும் என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு நேர்மாறு 2003ல் வந்த சார்ஸ். வந்தவர்களில் பத்தில் ஒருவரைக் கொன்றது. அடைகாலம் இரண்டிலிருந்து பத்து நாள். காய்ச்சல் வந்த பிறகே, அதுவும் நோய் முற்றும்போதுதான், அதிகமாகப் பரவியது. அதனால் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்த அவகாசம் கிடைத்தது. உலகம் முழுக்க 8,096 பேர், 774 சாவு, அத்தோடு அடங்கியது. மண்டபம் கேம்ப் முறை வென்ற நோய் என்று அதைச் சொல்லலாம்.

கொரோனா இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்தது. ஆரம்பத்தில் சராசரி அடைகாலம் ஐந்து நாள். சிலருக்கு 11, 12 நாள்கூட ஆனது. அதனால்தான் வீட்டுக்கதவில் 14 நாள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆனால் காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அது பரவியது. சிங்கப்பூரிலிருந்து ரஜூலாவில் ஒரு வாரம், விமானத்தில் திருச்சிக்கு நாலு மணி நேரம். கடல் காட்டிக்கொடுத்ததை ஆகாயம் காட்டிக்கொடுக்கவில்லை. நெற்றியில் காட்டிய வெப்பமானி என்ன செய்யும், பாவம்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. இதுவரை இங்கே எழுதாதது.

2021 ஏப்ரலில் லால்குடி பக்கம் உறவில் ஒரு சாவுக்குப் போய் வந்தேன். அங்கே வந்த ஒருவருக்குக் கொரோனா என்று இரண்டு நாள் கழித்துத் தகவல் வந்தது. மூன்றாம் நாளே பரிசோதனை செய்தேன். இல்லை என்று வந்தது. நான்காம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். துக்க விஷயம் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஆறாம் நாள் எனக்குக் காய்ச்சல். பத்து நாளில் எழுந்துவிட்டேன். அக்காவுக்கும் ஒரு வாரம் சாதாரணக் காய்ச்சல்தான். ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கியது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். என்னால்தான் என்று அத்தான் உட்பட யாரும் சொன்னதில்லை. ஆனால் எனக்கு நாள் எண்ணத் தெரியும். மூன்றாம் நாள் 'இல்லை' என்பதற்கு 'இன்னும் இல்லை' என்று மட்டுமே பொருள் என்பது அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாணவன் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தாமதமாக வந்தால் லேசா? முழுக்கப் பொய் இல்லை. ஹாங்காங்கில் சார்ஸ் நோயாளிகளின் ஆவணங்களைப் பின்னால் ஆராய்ந்தபோது, இறந்தவர்களுக்கு அடைகாலம் சராசரியாக ஒரு நாள் குறைவாக இருந்தது. மெர்ஸ் நோயிலும் அப்படியே பார்த்தார்கள். ஒரே நோய்க்குள், சீக்கிரம் படுத்தவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் அதிகம் என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால் ஒமைக்ரான் மூன்றே நாளில் வந்தது, டெல்டாவைவிட லேசாகப் போயிற்று. மேலும் அந்த ஆய்வுகள் ஒரு கூட்டத்தின் சராசரியைச் சொல்பவை. எண்பத்து மூன்று வயதுப் பாட்டிக்கு எதுவும் லேசு என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, வந்ததும் ஐந்து நாள் மாடியறையில் இரு, பாட்டியோடு ஜன்னல் வழியாகப் பேசு, முகக்கவசம் போடு, டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அதைக் கேள் என்றேன். "பாட்டி கோவிச்சுக்குவாங்க சார்" என்றான். கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியப்பாவோ 1957 வாக்கில் ரஜூலாவில் வந்தவர்கள் உண்டா? மலேயாப் பெட்டிகளில் பழைய கப்பல் டிக்கெட், தடுப்பூசிச் சான்று ஏதாவது கிடந்தால் படமெடுத்துக் கீழே போடுங்கள். அந்தக் காய்ச்சலில் எத்தனை நாள் படுத்தார்கள் என்பது யாருக்காவது நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள்.