நான்கு அரசியரின் தந்தை எழுதிய உயில்

பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பற்றிய நூல்களில் புரொவான்ஸ் நாட்டுக் குறுநில மன்னர் ரேமோன் பெரங்கர் பெரும்பாலும் ஒரே வரியில் வந்து மறைந்துவிடுவார்: அவருக்கு நான்கு மகள்கள், நால்வரும் அரசியர் ஆயினர். தாந்தேயும் தம் காவியத்தின் சொர்க்கப் பகுதியில், ஆறாம் பாடலில், இதையே எடுத்துரைத்து, அப்பெருமையை ரோமியோ என்னும் அமைச்சருக்கு வழங்குகிறார். வழிப்போக்கராக வந்த ரோமியோ அவதூறுக்கு ஆளாகி ஏழையாக வெளியேறினார் என்பது கவிஞர் கேட்ட கதை. உண்மையில் வில்னேவ் ரோமியோ தம் மன்னர் இறக்கும் வரை செல்வாக்குடன் இருந்தவர். அதன்பின் இளைய மகளுக்குக் காப்பாளராகவும் விளங்கியவர்.

இவ்வரலாற்றின் திறவுகோல் திருமணங்களில் இல்லை, 1238இல் எழுதப்பட்ட ஓர் உயிலில் இருக்கிறது என்பதே என் கருத்து.

ரேமோன் பெரங்கர் பார்சலோனா அரச மரபினர். தந்தையை 1209இல் இழந்த அச்சிறுவன், அரகோன் நாட்டின் மொன்சோன் கோட்டையில், பின்னாளில் அரகோன் மன்னராகவிருந்த உறவினர் ஜேம்சுடன், டெம்பிளர் வீரத்துறவியரின் காவலில் வளர்ந்தார். ரோன் ஆற்றுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் இடைப்பட்ட புரொவான்ஸ் பெயரளவில் பேரரசருக்கு உட்பட்டது. மேற்கே துலூஸ் நாட்டு ஏழாம் ரேமோன் தீராப் பகைவர். உள்ளே மார்செய் போன்ற நகரங்கள் எளிதில் அடங்குபவை அல்ல. ஆண் மகவும் இல்லை. இத்தகைய ஒருவருக்குக் கொண்டு கொடுத்துப் பெறும் உறவே கோட்டை மதில்.

1234இல் மூத்தவள் மார்கரெட் சான்ஸ் நகரில் பிரான்சின் ஒன்பதாம் லூயியை மணந்தாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. 1236 ஜனவரியில் எலினோர் கேன்டர்பரியில் இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றியை மணந்தாள். மூன்றாமவள் சான்சியா பகைவரான துலூஸ் ரேமோனுக்கே 1241இல் பேசப்பட்டாள். போப்பின் இசைவு வேண்டியிருந்த வேளையில் போப் இறந்தமையால் அது நின்றுபோயிற்று. 1243இல் அவள் ஹென்றியின் தம்பி ரிச்சர்டின் மனைவியானாள். ரிச்சர்ட் 1257இல் ஜெர்மானிய அரசராக முடிசூட, அவளும் அரசியானாள். (சான்சியாவைப் பற்றித் தனியே எழுத வேண்டும், நால்வருள் மிகக் குறைவாகப் பேசப்படுபவள் அவளே.) இவ்வுறவுகளின் பின்னே தாயின் பிறந்தகமான சவோயும் இருந்தது. தாய்மாமன்மாருள் போனிஃபாஸ் கேன்டர்பரிப் பேராயர் ஆனார். பீட்டர் தேம்ஸ் கரையில் பெற்ற மாளிகையிடம் இன்றும் சவோய் என்றே அழைக்கப்படுகிறது.

மார்கரெட்டுக்குச் சீதனமாக 10,000 மார்க் வெள்ளி பேசப்பட்டு, அதற்கு ஈடாகத் தராஸ்கோன் கோட்டை காட்டப்பட்டது. அத்தொகை முழுமையாகக் கொடுக்கப்படவே இல்லை.

1238 ஜூன் மாதம் சிஸ்தரோன் நகரில் மன்னர் தம் உயிலை எழுதினார். மணமாகிப் போன மகள்களுக்குப் பணம்; நாடு முழுவதும் இளையவள் பியாட்ரிசுக்கு. அவளுக்கு அப்போது பத்து வயதும் நிரம்பவில்லை. நோக்கம் தெளிவு: மூத்தவளிடம் நாடு சென்றால் அது பிரான்சுடனும், இரண்டாமவளிடம் சென்றால் இங்கிலாந்துடனும் கரைந்துவிடும். மணமாகாத மகளிடம் இருந்தால், அவளை மணப்பவன் புரொவான்சுக்கு வந்து ஆள்வான். மன்னரின் கணக்கு இதுவாகவே இருக்க வேண்டும்.

1245 ஆகஸ்ட் மாதம் எக்ஸ் நகரில் அவர் இறந்ததும் அக்கணக்கு சரிந்தது. பியாட்ரிசின் கைப்பிடிக்கப் பலர் முந்தினர். பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் தம் மகனுக்காகக் கேட்டார். அரகோன் ஜேம்ஸ் படையுடன் வந்தார். துலூஸ் ரேமோனும் காத்திருந்தார். லியோனில் தங்கியிருந்த போப் நான்காம் இன்னொசென்ட் லூயியுடன் க்ளூனியில் கலந்து பேசியபின், 1246 ஜனவரி 31 அன்று அவள் லூயியின் தம்பி ஆஞ்சு சார்லசுக்கு மணமுடிக்கப்பட்டாள். எந்தக் குடும்பத்திடம் நாடு போய்விடக் கூடாதென்று தந்தை உயில் எழுதினாரோ, அதே குடும்பத்திடம் அவர் இறந்த ஆறு மாதங்களுக்குள் அது போய்ச் சேர்ந்தது.

தமக்கையின் கணவருடைய தம்பியே தங்கைக்குக் கணவர். ஆயினும் மார்கரெட் அவரை இறுதிவரை மன்னிக்கவில்லை. பல வரலாற்றாசிரியர்கள் இதைப் பெண்களின் பொறாமையென்று எழுதிக் கடந்துவிடுகின்றனர். எனக்கு இது உடன்பாடன்று. 1250இல் லூயி எகிப்தில் சிறைப்பட்டபோது, பிள்ளை பெற்ற படுக்கையிலிருந்தே தாமியட்டா நகரைக் கைவிட முனைந்த இத்தாலிய வணிகரைப் பேசித் தடுத்து நிறுத்தியவள் அவள்; இதை எழுதிவைத்தவர் ஜுவான்வில். அத்தகையவளுக்கு 1270இல் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கணவர் ஆட்சிப் பொறுப்பைத் தரவில்லை. அதற்கு முன்பே அவள் தன் மகன் பிலிப்பிடம், முப்பது வயது வரை தன் சொற்படி நடப்பதாகவும் சார்லசுடன் உறவு கொள்வதில்லை என்றும் சத்தியம் வாங்கியிருந்தாள். 1263இல் போப் நான்காம் அர்பன் அதிலிருந்து அவனை விடுவித்தார்.

அவளுடைய வழக்கில் இரண்டு பகுதிகள் உள்ளன. உயிலின்படி நாடு தங்கைக்கே உரியது. அதில் மார்கரெட்டின் வாதம் வலுவற்றது. கொடுபடாத சீதனத்திலோ அவள் பக்கமே நியாயம். 1258இல் அரகோன் ஜேம்ஸ் புரொவான்ஸ் மீதான தம் உரிமைகளை அவள் பெயருக்கே விட்டுக்கொடுத்ததும் அவளுக்கு ஊக்கமளித்திருக்கும். இங்கிலாந்து அரசவைக்கு, பின்னாளில் அக்காள் மகன் அல்ல, தங்கை மகனான முதலாம் எட்வர்டுக்கு, அவள் எழுதிய கடிதங்கள் எஞ்சியுள்ளன. அவற்றில் அவள் கேட்பது தன் பங்கை. புரொவான்சின் தனியாட்சி அவளுக்குப் பொருட்டன்று. அவள் வென்றிருந்தால் தந்தை அஞ்சியதே நிகழ்ந்திருக்கும்.

பியாட்ரிஸ் 1266இல் ரோமில் சிசிலியின் அரசியாக முடிசூடி, அடுத்த ஆண்டே இறந்தாள். சார்லஸ் புரொவான்சைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1281இல் மார்கரெட் மாகோன் நகரில் பர்கண்டி, சவோய் பிரபுக்களைக் கூட்டி, அடுத்த மே மாதம் லியோனில் படை திரட்ட ஏற்பாடு செய்தாள். அதற்குள், 1282 மார்ச் 30 அன்று, பலெர்மோவில் சார்லசுக்கு எதிராகப் புரட்சி வெடித்தது. லியோன் படையெடுப்பு நிகழவேயில்லை. முடிவில் ஆஞ்சு வருவாயிலிருந்து ஓர் ஆண்டுத்தொகைக்கு அவள் இசைய வேண்டியதாயிற்று. 1295இல் அவள் இறந்தபோது புரொவான்ஸ் சார்லசின் மகனிடம் இருந்தது.

அது பிரெஞ்சு முடியிடம் சேர்ந்தது 1481இல். பிள்ளையற்று இறந்த கடைசி ஆஞ்சு மரபினர் அதனைப் பதினொன்றாம் லூயிக்கு உயில் எழுதிக் கொடுத்தார்.