குவாண்டம் இயக்கவியலின் கணிதம்

குவாண்டம் இயக்கவியலின் கணிதம் என்பது அணு, எலெக்ட்ரான், ஒளித்துகள் போன்ற நுண்பொருள்களின் நிலையையும் அவற்றில் அளக்கக்கூடிய கணியங்களையும் குறிக்க 1925 முதல் உருவாகிவந்த கணித முறைகளின் தொகுதி. அணிகள், கலப்பெண் சார்புகள், வகைக்கெழுச் சமன்பாடுகள், ஹில்பர்ட் வெளி, நேரியல் செயலிகள், நிகழ்தகவு, குலக் கோட்பாடு ஆகியவை இதில் அடங்கும். நியூட்டனின் இயக்கவியலில் ஒரு பொருளின் இடமும் உந்தமும் வெறும் எண்கள். குவாண்டம் இயக்கவியலில் அவை செயலிகள். எதை முதலில் வைத்துப் பெருக்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். மற்ற வியப்புகள் பலவும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்தவை.

1900இல் மாக்ஸ் பிளாங்க் வெப்பக் கதிர்வீச்சை விளக்க ஆற்றலைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்தார். 1913இல் நீல்ஸ் போர் எலெக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சுற்றுப்பாதைகளை மட்டும் அனுமதித்து, ஹைட்ரஜனின் நிறமாலை வரிகளைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் இவை பழைய இயக்கவியலின்மேல் ஒட்டுப்போட்ட விதிகள். இரண்டே எலெக்ட்ரான் கொண்ட ஹீலியத்துக்கு வந்தபோது அந்த முறை கைவிட்டது.

1925 ஜூனில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் 23 வயது இளைஞர் வெர்னர் ஹைசன்பர்க், மகரந்த ஒவ்வாமையால் அவதியுற்று, மரஞ்செடி குறைந்த ஹெல்கோலாந்து தீவுக்குச் சென்றார். யாரும் பார்த்திராத சுற்றுப்பாதையைப் பற்றிப் பேசாமல், பார்க்கக்கூடிய நிறமாலை வரிகளை மட்டும் வைத்தே கணக்குப் போட முடியுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒரு நிறமாலை வரி என்பது ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு அணு தாவும்போது பிறப்பது. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் புறப்படும் நிலை, சேரும் நிலை என இரண்டு முகவரிகள் உண்டு. நிலப்படப் புத்தகத்தில் ஊர்களுக்கு இடையிலான தொலைவைக் காட்டும் அட்டவணையைப்போல, இடம் என்ற கணியத்தையும் அவர் நிரைகளும் நிரல்களும் கொண்ட எண் பட்டியலாக்கினார்.

இனி இடத்தின் வர்க்கம் வேண்டுமென்றால் என்ன செய்வது? ஒன்றாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு நேராகத் தாவும் வரியின் அதிர்வெண், இரண்டாம் நிலை வழியாகத் தாவும் இரு வரிகளின் அதிர்வெண்களுடைய கூட்டுத்தொகை என்பது நிறமாலை ஆய்வாளர்கள் ஏற்கெனவே அறிந்த விதி. அந்த விதி கெடாமல் இருக்க, இடையில் வரக்கூடிய எல்லா நிலைகளையும் தொட்டுப் பெருக்கிக் கூட்டவேண்டும். இந்தப் பெருக்கலை ஹைசன்பர்க் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. நிறமாலையே அதை அவர்மேல் திணித்தது. இரண்டு வேறு கணியங்களை அப்படிப் பெருக்கினால் வரிசை மாறும்போது விடையும் மாறுவது அவரைக் கலவரப்படுத்தியது. அவருடைய கட்டுரையில் அது ஒரு சிக்கலாகவே குறிப்பிடப்படுகிறது.

கட்டுரையைப் படித்த பேராசிரியர் மாக்ஸ் போர்னுக்கு அந்தப் பெருக்கல் எங்கோ பார்த்ததாகத் தோன்றியது. சில நாள் யோசனைக்குப் பின் நினைவு வந்தது: பிரெஸ்லாவில் மாணவராக இருந்தபோது யாக்கோப் ரோசானெசிடம் கற்ற அணிப் பெருக்கல்! ஆர்தர் கெய்லி அணிகளின் இயற்கணிதத்தை 1858இலேயே எழுதிவைத்திருந்தார். ஆனால் 1925இல் இயற்பியலர் பெரும்பாலோர் அதைத் தொட்டதில்லை. ஹைசன்பர்க்குக்கு அணி என்றால் என்னவென்றே தெரியாது. போர்ன் முதலில் வுல்ஃப்காங் பவுலியைத் துணைக்கு அழைத்தார். கணிதச் சம்பிரதாயங்கள் ஹைசன்பர்க்கின் இயற்பியல் சிந்தனையைக் கெடுத்துவிடும் என்று பவுலி மறுத்தார். பிறகு கைகொடுத்தவர் பாஸ்குவல் யோர்டான். உந்தத்தை இடத்தால் பெருக்கியதிலிருந்து இடத்தை உந்தத்தால் பெருக்கியதைக் கழித்தால் சுழி வருவதில்லை; பிளாங்க் மாறிலியை 2பையாலும் கற்பனை எண்ணாலும் வகுத்த மதிப்பே அலகு அணியின் மடங்காக வருகிறது. போர்னும் யோர்டானும் 1925 செப்டம்பரில் அனுப்பிய கட்டுரையில் இந்தப் பரிமாற்று விதி இடம்பெற்றது. நவம்பரில் ஹைசன்பர்க்கும் சேர்ந்துகொள்ள, மூவர் கட்டுரை வெளிவரத் தயாரானது.

அந்த விதிக்குள் இன்னொரு செய்தி ஒளிந்திருக்கிறது. முடிவுள்ள அளவுடைய எந்த இரு அணிகளை எடுத்துக்கொண்டாலும், இருவகைப் பெருக்கல்களின் வேறுபாட்டில் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை சுழிதான். பரிமாற்று விதியின் வலப்பக்கமோ சுழியன்று. ஆகவே இடத்தையும் உந்தத்தையும் குறிக்கும் அணிகள் முடிவிலா அளவுடையனவாக இருந்தே தீரவேண்டும். நான்கு வரிக் கணக்கில் கிடைக்கும் இந்த முடிவு, பின்னால் வந்த கணிதச் சிரமங்கள் அனைத்துக்கும் வாசல். முதலில் மறுத்து ஒதுங்கிய பவுலியே, ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களை அணிகளைக் கொண்டே கணக்கிட்டு 1926 ஜனவரியில் இந்த முறை மெய் என்று காட்டினார்.

1932ஆம் ஆண்டின் நோபல் பரிசு ஹைசன்பர்க்குக்கு மட்டும் போயிற்று. போர்ன் 1954 வரை காத்திருந்தார். யோர்டானுக்குக் கிடைக்கவே இல்லை. பரிமாற்று விதியைக் கண்டு எழுதியவர்கள் இவர்கள் இருவர் என்பதை எண்ணும்போது இந்தக் கணக்கு நேர்மையானதாகத் தெரியவில்லை. கோட்டிங்கனில் போர்னின் கல்லறைக் கல்லில் பொறித்திருப்பது அந்த விதியைத்தான். நாஜி ஆட்சி போர்னைக் கோட்டிங்கனிலிருந்து விரட்டியபின், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் அவரைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு அழைத்தார். 1935–36இல் ஏறத்தாழ ஆறு மாதம் போர்ன் அங்கே இருந்தார். நிரந்தரப் பதவிக்கு ராமன் எடுத்த முயற்சி பலிக்காததால் எடின்பரோ சென்றார்.

கேம்பிரிட்ஜில் பால் டிராக், ஹைசன்பர்க் கட்டுரையின் மெய்ப்புப் படியை ஆசிரியர் ஃபௌலரிடமிருந்து பெற்றுத் தனியே அதே இடத்தை அடைந்தார். பழைய இயக்கவியலில் பாய்சான் அடைப்பு என்றொரு கட்டுமானம் உண்டு. பெருக்கல் வரிசையால் வரும் வேறுபாடு அதன் குவாண்டம் வடிவமே என்று அவர் கண்டார். நியூட்டனின் இயக்கவியலுக்கும் புதியதற்கும் இடையில் இவ்வளவு நேரான பாலம் இருக்குமென்று அதுவரை யாரும் எதிர்பார்க்கவில்லை.

1926 ஜனவரியில் வேறொரு திசையிலிருந்து எர்வின் ஷ்ரோடிங்கர் வந்தார். பொருளுக்கும் அலைத்தன்மை உண்டு என்று லூயி டி பிராய் 1924இல் சொல்லியிருந்தார். அந்த அலைக்குரிய வகைக்கெழுச் சமன்பாட்டை சூரிக்கிலிருந்த ஷ்ரோடிங்கர் எழுதினார். ஹைட்ரஜனுக்கு அதைத் தீர்ப்பதில் கணிதர் ஹெர்மான் வெய்ல் உதவியதற்குக் கட்டுரையிலேயே நன்றி கூறியிருக்கிறார். கட்டுண்ட எலெக்ட்ரானுக்குச் சமன்பாட்டின் பொருத்தமான தீர்வுகள் குறிப்பிட்ட ஆற்றல்களில்தான் கிடைக்கும். ஐகன் மதிப்புகள் எனப்படும் அந்த ஆற்றல்களே அணுவின் ஆற்றல் மட்டங்கள். இயற்பியலர் இம்முறையை மகிழ்ந்து வரவேற்றார்கள். அணிகள் அந்நியம், வகைக்கெழுச் சமன்பாடுகளோ கல்லூரியிலேயே பழகியவை. ரிச்சர்ட் கூரன்ட், டேவிட் ஹில்பர்ட் பெயர்களில் 1924இல் வெளிவந்த கணித இயற்பியல் நூல், ஏதோ இதற்காகவே எழுதியதுபோல் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

காலத்தோடு மாறும் அலைக்குச் சமன்பாடு எழுதும்போது கற்பனை எண் உள்ளே வந்தது. ஷ்ரோடிங்கருக்கு இது உவப்பாக இல்லை; அலைச்சார்பு மெய்யெண்ணாக இருக்கவேண்டும் என்றே விரும்பினார். மின்னியலில் கலப்பெண்கள் கணக்கைச் சுருக்க உதவும் வசதி மட்டுமே. கடைசியில் மெய்ப்பகுதியை எடுத்துக்கொள்வோம். இங்கே அப்படிக் கழற்றிவைக்க வழியில்லை. அலைச்சார்பின் அளவு, அதன் கட்டம் இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன. இரு வழியாக வரும் வீச்சுகள் ஒன்றையொன்று வளர்ப்பதும் அழிப்பதும் கட்டத்தால்தான். அந்த அலை எதைக் குறிக்கிறது என்ற கேள்விக்கு 1926 கோடையில் போர்ன் விடை சொன்னார்: அளவின் வர்க்கமே நிகழ்தகவு. வர்க்கம் என்ற திருத்தம் அச்சுப் படியில் சேர்த்த ஓர் அடிக்குறிப்பாகவே முதலில் வந்தது.

அணி முறையும் அலை முறையும் ஒரே விடையைத் தருவதை ஷ்ரோடிங்கர் 1926 வசந்தத்திலேயே காட்டினார். டிராக்கும் யோர்டானும் இரண்டையும் அடக்கும் பொது வடிவத்தை உருவாக்கினர். ஆனால் டிராக் பயன்படுத்திய டெல்டா சார்பு கணிதருக்கு உறுத்தலாக இருந்தது: ஒரு புள்ளியைத் தவிர எங்கும் சுழி, ஆனாலும் மொத்தப் பரப்பு 1. பழைய பொருளில் அப்படியொரு சார்பு கிடையாது. ஹங்கேரியில் பிறந்து கோட்டிங்கன் வந்த ஜான் வான் நியூமான் அதைத் தொடாமலே அடித்தளம் போட்டார். எண் வரிசைகளின் வெளியும் சார்புகளின் வெளியும் ஒரே கட்டமைப்புடையவை என்பதை 1907இலேயே ரீஸும் ஃபிஷரும் நிறுவியிருந்தனர். அணிகள் முதல் வெளியில் வாழ்கின்றன, அலைகள் இரண்டாவதில். இரண்டும் ஒரே ஹில்பர்ட் வெளியின் இரு தோற்றங்கள். அந்த வெளியில் நிலை என்பது ஒரு திசையன், அளவீட்டுக் கணியம் என்பது தன்னிணைச் செயலி, அளவீட்டில் வரக்கூடிய விடைகள் அச்செயலியின் நிறமாலை. 1932இல் அவருடைய ஜெர்மன் நூல் இதை முழுமையாக விரித்துரைத்தது. டெல்டாவுக்கும் 1940களில் லோரன் ஷ்வார்ட்ஸ் முறையான இடம் அமைத்துக் கொடுத்தார்.

நூலில் ஓர் ஓட்டையும் இருந்தது. மறைமாறிகள், அதாவது அளவீட்டுக்குப் புலப்படாத கூடுதல் மாறிகள், வைத்து இக்கோட்பாட்டை நிரப்ப முடியாது என்று வான் நியூமான் தந்த நிறுவலில், தேவைக்கு மிஞ்சிய ஓர் அனுமானம் இருப்பதை ஜெர்மன் கணிதரும் மெய்யியலருமான கிரேட்டே ஹெர்மான் 1935இல் சுட்டிக்காட்டினார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1966இல் ஜான் பெல் அதே குறையை எழுதியபிறகே உலகம் கேட்டது. ஒரு பெண் எழுதியது முப்பதாண்டு கிடப்பில் கிடந்ததை இந்த வரலாற்றின் வருந்தத்தக்க பக்கங்களுள் ஒன்றாகச் சொல்லவேண்டும்.

சமச்சீர்மையை ஆராயும் கணிதமான குலக் கோட்பாட்டை வெய்ல் 1928இலும் யூஜின் விக்னர் 1931இலும் நூலாக எழுதிக் கொண்டுவந்தபோது, சில இயற்பியலர் அதைக் கொள்ளைநோய் என்று ஏசினர். ஆனால் அணுவின் சமச்சீர்மையை அறிந்தால், சமன்பாட்டைத் தீர்க்காமலேயே எந்தத் தாவல் நிகழும், எது நிகழாது என்று சொல்லிவிடலாம். இந்தத் துறையில் இந்தியப் பெயர் ஒன்று அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. கான்பூரில் பிறந்த ஹரிஷ்-சந்திரா, பெங்களூருவில் ஹோமி பாபாவுடன் பணியாற்றிய பின் கேம்பிரிட்ஜில் டிராக்கின் மாணவரானார். லோரன்ட்ஸ் குலத்தின் முடிவிலாப் பரிமாண உருவகங்களை ஆராய்ந்தவர், இயற்பியலை விட்டுக் கணிதத்துக்கே போனார். இயற்பியல் எழுப்பிய கேள்வியைத் தொடர்ந்து அவர் கட்டியெழுப்பிய உருவகக் கோட்பாடு, இன்று எண் கோட்பாடு வரை நீள்கிறது.

1948இல் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், டிராக் 1933இல் கோடிட்ட ஒரு யோசனையை வளர்த்து மூன்றாவது வழியைத் திறந்தார். துகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகக்கூடிய எல்லாப் பாதைகளுக்கும் ஒவ்வொரு கலப்பெண் கொடுத்து மொத்தமாகக் கூட்டுவது இம்முறை. துகள் இயற்பியலர் தினமும் கையாளும் கருவி இது; விடைகள் சோதனையோடு வியக்கத்தக்க துல்லியத்தில் ஒத்துப்போகின்றன. இருப்பினும் அந்தக் கூட்டலுக்கு, ஷ்வார்ட்ஸ் டெல்டாவுக்குச் செய்ததுபோல், முழுமையான கணித அடித்தளம் இன்னும் அமையவில்லை. இதே குறையை ஒட்டி, துகள் இயற்பியலர் பயன்படுத்தும் குவாண்டம் யாங்–மில்ஸ் கோட்பாடு நான்கு பரிமாண வெளியில் கணித முறைப்படி உண்டு என்பதையும், அதில் மிகக்குறைந்த நிறை சுழியைவிட மிகுதி என்பதையும் நிறுவுவோருக்கு, கிளே கணித நிறுவனம் 2000இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அந்தக் கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.