சதுப்புநிலத்துக்குள் தெரிந்த முகங்கள்: டோல்கீன் படித்ததும் பட்டதும்

‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ படித்தவர்களுக்கோ படமாகப் பார்த்தவர்களுக்கோ அந்த இடம் மறந்திருக்காது. ஃப்ரோடோவும் சாமும் ஒரு சதுப்புநிலத்தைக் கடந்து போகிறார்கள். எப்போதோ நடந்த ஒரு போரில் செத்தவர்களின் முகங்கள் தண்ணிக்கு அடியில் தெரிகின்றன.

இதை எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீன் முதலாம் உலகப் போரில் நின்றவர் என்று தெரிந்தவுடனே நாங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம்: மனுசன் பிரான்சில் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார். நானும் கனகாலம் அப்படித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

ஆனால் 1960 இன் கடைசி நாளில் அவர் எழுதிய ஒரு கடிதம் இந்த எண்ணத்தைக் குழப்பிவிடுகிறது. அந்தச் சதுப்புநிலமும் மோர்டோரின் வாசலும், சொம் சண்டைக்குப் பிந்திய வட பிரான்சுக்கு ஓரளவு கடன்பட்டவை என்று அதில் ஒப்புக்கொள்கிறார். அடுத்ததாக, அதைவிடக் கூடுதலான கடன் வில்லியம் மொரிஸ் என்ற எழுத்தாளரின் கதைகளுக்கு என்கிறார்.

கண்ணால கண்ட போர்க்களத்தைவிடப் படிச்ச புத்தகம் பெரிசா? இந்தக் கேள்வியோடு அவரின் இளமைக்காலத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் புத்தகங்கள்

டோல்கீன் 1892 இல் தென்னாபிரிக்காவின் ப்ளூம்ஃபொன்டெயினில் பிறந்தவர். மூன்று வயதில் தாயோடு இங்கிலாந்துக்கு வந்தார். நாலு வயதில் தகப்பன் இல்லை, பன்னிரண்டு வயதில் தாயும் இல்லை. சின்ன வயதில் அவரைப் பிடித்துக்கொண்டது, அன்ட்ரூ லாங் தொகுத்த கதைப் புத்தகம் ஒன்றில் வந்த சிகுர்ட் என்ற வீரனின் கதை. அதில் ஃபாஃப்னிர் என்றொரு ட்ராகன் வரும். ஏழு வயதிலேயே அவர் தானும் ஒரு ட்ராகன் கதை எழுதப் பார்த்தார்.

பிறகு ‘கலேவலா’ என்ற பின்லாந்துக் காவியம் கையில் கிடைத்தது. மொழிபெயர்ப்பில் படித்தது போதாமல், ஒக்ஸ்ஃபோர்ட்டில் ஒரு இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பின்னிஷ் மொழியையே படிக்கத் தொடங்கினார். 1914 இல் அந்தக் காவியத்தில் வரும் குல்லெர்வோவின் கதையைத் தன் பாணியில் திருப்பி எழுத ஆரம்பித்தார். தகப்பனைப் பறிகொடுத்து, பகைவனின் பிடியில் வளர்கிற ஒரு பெடியனின் கதை அது. அவர் அதை முடிக்கவில்லை. ஆனால் பின்னால் அவர் படைத்த டூரின் என்ற பாத்திரத்துக்கு வித்து அதுதான்.

அதே வருசம் கல்லூரியில் ஐந்து பவுண் பரிசு கிடைத்தது. அந்தக் காசில் அவர் வாங்கியவற்றில் வில்லியம் மொரிஸின் புத்தகங்களும் இருந்தன. செப்டெம்பரில், பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றில் கண்ட ‘எயாரென்டெல்’ என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து, வானத்தில் கப்பலோட்டுகிற ஒருவனைப் பற்றிக் கவிதை எழுதினார். அவரின் முழுப் புராண உலகமும் அங்கேதான் தொடங்குகிறது.

இவ்வளவும் அவர் போர்முனைக்குப் போக முதலே நடந்து முடிந்தவை.

பிறகு சொம்

1916 ஜூனில் டோல்கீன் பிரான்சுக்குப் போனார். வயது 24. கலியாணம் கட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. படையில் அவருக்குச் சமிக்ஞை அதிகாரி வேலை. ஜூலை 1 இல் சொம் சண்டை தொடங்கியது. முதல் நாளிலேயே பிரிட்டிஷ் தரப்பில் 19,000க்கும் அதிகமானோர் செத்துப்போனார்கள்.

அதில் ஒருவர் ரொப் கில்சன். பேர்மிங்ஹாம் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகத் தேநீர் குடித்து, புத்தகம் கதைத்து வளர்ந்த நாலு நெருங்கிய சிநேகிதர்களில் ஒருவர். டோல்கீனும் கிறிஸ்டோபர் வைஸ்மனும் ஜெஃப்ரி பாஷ் ஸ்மித்தும் மற்ற மூவர். உலகத்துக்கு ஏதோ சொல்ல இருக்கிறது என்று நம்பிய பெடியள் அவர்கள்.

பேன் பரப்புகிற பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து டோல்கீன் நவம்பரில் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். டிசம்பர் 3 இல் ஸ்மித்தும் ஷெல் காயத்தால் இறந்துபோனார். அந்த வருசத் தொடக்கத்தில் ஓர் இரவு ரோந்துக்குப் போக முதல் ஸ்மித் இவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். நான் செத்தாலும் எங்கட கூட்டத்தில் ஒருத்தன் மிஞ்சுவான், நான் சொல்ல நினைத்ததை அவன் சொல்லுவான் என்பதுதான் அதன் சாரம்.

டோல்கீன் ஆஸ்பத்திரியிலும் விடுப்பிலும் இருந்த காலத்தில் எழுதியது ‘கொண்டொலினின் வீழ்ச்சி’. ஒளித்து வைக்கப்பட்ட ஓர் அழகான நகரம் முற்றுகையிடப்பட்டு அழிகிற கதை. அந்த நகரத்தைத் தாக்க வருபவற்றில் இரும்பால் செய்த ட்ராகன்களும் உண்டு. அவற்றின் வயிற்றுக்குள் எதிரிப் படையினர் ஒளிந்திருப்பார்கள்.

யோசிச்சுப் பாருங்கோ. போர்க்களத்துக்கு டாங்கி முதன்முதலாக வந்தது 1916 செப்டெம்பரில், அதே சொம் சண்டையில். ஃபாஃப்னிர் ஏழு வயதிலிருந்தே டோல்கீனின் தலைக்குள் இருந்தது. அது இல்லாவிட்டால் இந்த டாங்கி டாங்கியாகவே இருந்திருக்கும். டாங்கி வந்திராவிட்டால் அந்த ட்ராகன் இன்னொருவரின் பழைய ட்ராகனாகவே இருந்திருக்கும்.

காட்டுக்குள் ஒரு நடனம்

எல்லாமே போர் தந்தது என்றும் சொல்ல முடியாது. 1917 இல் யோர்க்ஷயரின் ரூஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், வெள்ளைப் பூக்கள் நிறைந்த ஒரு காட்டில் மனைவி ஈடித் இவருக்காக ஆடினார். மனிதனான பெரெனும் எல்ஃப் குலத்து லூத்தியனும் காதலிக்கிற கதை அந்தக் காட்சியில் பிறந்தது. ஒக்ஸ்ஃபோர்டில் இருவரையும் அடக்கம் செய்த கல்லறையில் அவர்களின் பெயர்களுக்குக் கீழே லூத்தியன், பெரென் என்றும் பொறித்திருக்கிறது.

கடன் யாருக்கு?

தன் கதை ஏதோ ஒரு போரின் உருவகம் என்று சொன்னால் டோல்கீனுக்குப் பிடிக்காது. மோதிரத்தை அணுகுண்டு என்று வாசித்தவர்களை அவர் மறுத்தார். ஆனால் நூலின் முன்னுரையில், 1918 ஆகும்போது தன் நெருங்கிய சிநேகிதர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவைத்தார். தேவதைக் கதைகளில் தனக்கிருந்த ருசியை எழுப்பியது மொழி ஆராய்ச்சி, அதற்கு முழு உயிர் கொடுத்தது போர் என்று 1939 இல் ஒரு சொற்பொழிவிலும் சொன்னார்.

எனக்கு விளங்குவது இதுதான். சொம் அவருக்குத் துக்கத்தைக் கொடுத்தது. அந்தத் துக்கத்தை வைக்க ஓர் இடத்தைக் கொடுத்தவை, அதற்கு முதலே படித்த புத்தகங்கள். மொரிஸுக்குக் கூடுதல் கடன் என்று அவர் எழுதியதை இப்போது வாசிக்கும்போது எனக்கு அது தன்னடக்கமாகத் தெரியவில்லை, சரியான கணக்காகத்தான் தெரிகிறது.

போரைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த எங்களில் எழுத நினைக்கிற சிலர், ‘நான் ஒண்டும் நேர காணேல்லையே, எதை எழுதுறது?’ என்று தயங்குகிறார்கள். வேறு சிலர், கண்டதை அப்படியே எழுதாவிட்டால் துரோகம் என்று பயப்படுகிறார்கள். சொம்மில் நின்ற ஒருவர் திரும்பி வந்து, இல்லாத ஒரு நகரத்தின் அழிவைப் பற்றி எழுதினார். ஸ்மித் கேட்டதை அவர் செய்யவில்லை என்று யாராலும் சொல்ல முடியுமா?