ஆறு மீட்டர் இருட்டும் ஒரு மாத்திரையும்

வாய் வழியா கேமரா விட்டா வயிறும் சிறுகுடலோட ஆரம்பமும் தெரியும். பின்வழியா விட்டா பெருங்குடல் தெரியும். நடுவுல சுருண்டு கிடக்கிற சுமார் ஆறு மீட்டர்? ரொம்ப வருஷம் டாக்டர்களுக்கே இருட்டுதான். குழாயைத் தள்ளத் தள்ள குடல் இழுபடுமே தவிர முனை முன்னேறாது. மலத்துல ரத்தம் போகும், மேலயும் கீழயும் பார்த்தா ஒண்ணும் இருக்காது. நோயாளிக்கு ரத்தம் ஏத்திக்கிட்டே இருக்கணும். கடைசியில வயித்தைக் கிழிச்சு, ஆபரேஷன் மேசையிலயே குடலுக்குள்ள எண்டோஸ்கோப் விட்டுத் தேடுவாங்க.

இஸ்ரேலின் ரஃபேல் நிறுவனத்துல ஏவுகணைகளுக்குக் 'கண்' வடிவமைச்சவர் எஞ்சினியர் கவ்ரியேல் இடான். 1981ல விடுப்பு எடுத்துக்கிட்டு பாஸ்டன்ல இருந்தார். பக்கத்து வீட்டு ஈட்டன் ஸ்காப்பா, குடல் டாக்டர். ரெண்டு பேரும் அவங்கவங்க ஆபீஸ் கதையைப் பேசினதுல சிறுகுடல் பிரச்சனை இடான் காதுக்கு வந்துச்சு.

'ஏவுகணையைச் சுருக்கி மாத்திரை ஆக்கிட்டார்'னு எழுதுவாங்க. என்னைக் கேட்டா அது பாதிக் கதை. யோசனை வந்தும் பத்து வருஷத்துக்கு மேல கிடப்புலதான் இருந்துச்சு. வில்லன் பேட்டரி! அன்னைக்கு இருந்த சிசிடி சென்சார் குடிக்கிற கரண்ட்டுக்கு குட்டி பேட்டரி சில நிமிஷத்துல காலி. குடல் பயணமோ மணிக்கணக்கு. 1990கள்ல நாசாவோட ஜேபிஎல்ல எரிக் ஃபாஸம் குழு கரண்ட்டைக் கம்மியா குடிக்கிற சிமாஸ் சென்சாரைக் கொண்டுவந்த பிறகுதான் கணக்கு உதைக்காம வந்துச்சு.

இன்னொரு முடிவு நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்குப் பிடிக்கும். மாத்திரைக்குள்ள எதையும் சேமிக்கலை. படம் எடு, ரேடியோவுல அனுப்பு, அவ்வளவுதான் அதுக்கு வேலை. சேமிக்க இடுப்புல ரெக்கார்டர், அலச வெளியில கம்ப்யூட்டர். மோட்டார் கூட கிடையாது, குடலோட அசைவே தள்ளிக்கிட்டுப் போயிடும்.

லண்டன் டாக்டர் பால் ஸ்வெயினும் தனியா இதே வேலையில இறங்கியிருந்தார். அப்புறம் கை கோத்தாங்க. 1999 அக்டோபர்ல முதல் மாத்திரையை விழுங்கினவரும் அவர்தான் (தில்லு!). 2000ல நேச்சர் கட்டுரை, 2001ல அமெரிக்க எஃப்டிஏ அனுமதி. 11க்கு 26 மில்லிமீட்டர், விநாடிக்கு 2 படம், சுமார் எட்டு மணி நேரம். முதல் பேரு எம்2ஏ. எம்-னா வாய், 2-னா 'வரை', ஏ-ன்னா... நீங்களே யூகிச்சுக்கோங்க :-)

ஆனா மாத்திரையை நிறுத்த முடியாது, திருப்ப முடியாது. குடல் குறுகியிருந்தா சிக்கிக்கவும் செய்யும். அதே 2001ல ஜப்பானோட ஹிரோனோரி யமமோட்டோ இரட்டை பலூன் முறையை வெளியிட்டார். பலூனை ஊதிக் குடலைப் பிடிச்சு, பின்னால இழுத்து, சட்டைக் கையைச் சுருக்கி ஏத்துற மாதிரி குடலைக் குழாய் மேல மடிச்சுக்கிட்டே முன்னேறும். மாத்திரை காட்டின இடத்துக்கு இது போய் ரத்தக்கசிவை அடைக்கலாம், சதைத்துண்டும் எடுக்கலாம், வயித்தைக் கிழிக்காமலே.