தகப்பன் வழி

ராணுவத்தில் இருந்த மூதாதையைத் தேடுகிறவர்கள் கடைசியில் தேடுவது ஒரு ஊரை. ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ ஒரு மாதாகோவில், ஒரு குடும்பப் பெயர். கம்பெனி சர்க்கார் இதற்கு வசதியாகவே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் சென்னை ராஜதானியின் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698 முதல் இருக்கின்றன. ஆள் சேர்த்தபோது எழுதிய பட்டியல்களில் சாதாரண சோல்ஜருக்கும் பிறந்த ஊர் உண்டு.

ஸ்காட்லாந்துக்காரன் என்றால் அதிர்ஷ்டம். அங்கே 1855 முதல் சர்க்கார் பதிவு, அதற்கு முன் சர்ச்சுப் புஸ்தகங்கள். அயர்லாந்துக்காரனைத் தேடிப் போனால் சாம்பல். 1922 உள்நாட்டுச் சண்டையில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான ஜனக் கணக்கில் பெரும்பகுதியும் பல சர்ச்சுப் பதிவுகளும் போயின. 1830-ல் பிரிட்டிஷ் ராணுவத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் ஐரிஷ்காரர்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சிரமமும் தகப்பன் வழிக்குத்தான். அதே ஞானஸ்நானப் பதிவில் தாயின் இடத்தில் பல சமயம் 'சுதேசிப் பெண்' என்பதோடு சரி. சில சமயம் புதிதாக வைத்த ஒரு கிறிஸ்தவப் பெயர். ஊர், ஜாதி, தகப்பன் பெயர் எதுவுமில்லை. எரிந்து போன காகிதத்துக்காகத் துக்கப்படலாம். எழுதாத காகிதத்துக்கு என்ன செய்வது? பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் எழுதியிருந்தால் அதைக் கணக்கென்று எந்த குமாஸ்தாவும் ஒப்புக்கொள்ள மாட்டான். சரித்திரக்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

அந்தப் பெண் கம்பெனியின் கண்ணில் படாதவளும் அல்ல. 1687-ல் லண்டன் டைரக்டர்கள் சென்னைக்கு எழுதினார்கள்: சோல்ஜர்கள் இந்நாட்டுப் பெண்களை மணப்பதை ஊக்குவியுங்கள், பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் அன்று தாய்க்கு ஒரு பகோடா கொடுங்கள். ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 1791-ல் அந்தப் பிள்ளைகளுக்கே கம்பெனியின் அதிகார உத்தியோகங்கள் மூடப்பட்டன. 1795-ல் பட்டாளத்திலும் குழல், தமுக்கு, பாண்டு, லாடம் என்ற அளவில் நிறுத்தினார்கள்.

நம் அரசியல் சட்டமும் இந்தப் பேரேட்டை அப்படியே வாங்கிக்கொண்டது. 366-வது ஷரத்தின்படி ஆங்கிலோ இந்தியர் என்பவர் தகப்பன் வழியில் ஐரோப்பியர். தாய்வழி ஐரோப்பியம் செல்லாது. தாய் யார் என்ற கேள்வியே இல்லை. சட்டசபை, லோக்சபை நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்தன. வரையறை இருக்கிறது.

தஞ்சாவூரில் இதற்கு நேர்மாறான ஒரு வழக்கு உண்டு. 1773-ல் கம்பெனிப் படை ஆற்காட்டு நவாபுக்காகத் தஞ்சையைப் பிடித்தது. அந்தக் காலத்தில் ஒரு மராத்தியப் பிராமண விதவை லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தாள். முறையாக மணக்காதவள் என்று ஷ்வார்ட்ஸ் பாதிரியார் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு 1778-ல் பாளையங்கோட்டையில் கொடுத்தார். அவள் கிளாரிந்தா ஆனாள். 1915-ல் அ. மாதவையா அவளை ஒரு ஆங்கில நாவலாக்கினார். லிட்டில்டனின் வம்சாவளியைத் தேடி இங்கே யாரும் அலைவதில்லை. 1785-ல் அவள் கட்டிய கோயிலைப் பாளையங்கோட்டைக்காரர்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள்.